அடியில் தங்கும் மஞ்சள் லைப்போசோமா, வெறும் குர்குமினா?

கேள்வி: தர்மபுரியில் பி.ஃபார்ம் படிக்கிறேன் சார். புராஜெக்ட்டுக்கு சோயா லெசித்தின் (சோயாவிலிருந்து எடுக்கும் கொழுப்பு), கொலஸ்ட்ரால், மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் மூன்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் குளோரோஃபார்மை ஆவியாக்கி மெல்லிய ஃபிலிம் எடுத்து, தண்ணீர் ஊற்றி லைப்போசோம் (மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்பு உருண்டை) செய்தேன். மறுநாளே அடியில் மஞ்சளாகப் படிந்துவிடுகிறது. 60 டிகிரிக்குச் சூடாக்காததால் இப்படியா?

பதில்: சூட்டின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. அந்த 60 டிகிரி ஹைட்ரஜனேற்றிய லெசித்தினுக்கானது, அது 50-க்கு மேல்தான் இளகும். சாதாரண சோயா லெசித்தின் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இளகித்தான் இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு வாட்டர் பாத்தே தேவைப்படாது, அதிகம் சூடாக்கினால் காறிப்போகும் அவ்வளவுதான்.

குர்குமின் தண்ணீரில் கரையாது, லைப்போசோமின் லிப்பிட் (கொழுப்பு) சுவருக்குள்தான் உட்கார முடியும், சுவர் தாங்குகிற அளவைத் தாண்டிப் போட்டால் மிச்சம் வெளியே வந்து படிகமாகிவிடும், என் கணிப்பில் உங்களுக்கு நடந்திருப்பது இதுதான். படிந்ததில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். உருண்டை உருண்டையாக, வளையம் வளையமாகத் தெரிந்தால் பெரிய லைப்போசோம்கள், கனத்தால் இறங்கியிருக்கும், குலுக்கினால் பால் மாதிரிக் கலந்துவிடும். கூரான மஞ்சள் துணுக்குகள் என்றால் மருந்து உள்ளே போகவே இல்லை. இந்தத் துணுக்குகளைப் பிரிக்காமல் மொத்தத்தையும் மெத்தனாலில் கரைத்து, 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, 'இத்தனை சதவீதம் அடைபட்டது' என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்தாலே படிகம் அடியில் போய்விடும், மேலே கலங்கலாக நிற்பதை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

அடுத்த தடவை குர்குமினை லிப்பிட் எடையில் இருபதில் ஒரு பங்காகக் குறையுங்கள். 100 மில்லிகிராம் லிப்பிட்டுக்கு 250 மில்லி குடுவையாவது வேண்டும், சின்னக் குடுவை என்றால் ஃபிலிம் தடித்து அடியில் மஞ்சள் வளையமாகத் தேங்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. அப்புறம் ராத்திரி முழுக்க வேக்கூமில் வைத்துக் குளோரோஃபார்மை மிச்சமில்லாமல் வெளியேற்றிவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லையே? நம்ம மாவட்டத்து போர் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு பேச்சுதான், ஆனால் இங்கே வம்பு செய்வது அதிலுள்ள கால்சியம். சுத்திகரிக்காத லெசித்தினில் எதிர்மின் கொழுப்புகள் இருக்கும், கால்சியம் அவற்றைப் பிடித்து இழுத்துத் திரளாக்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் செய்த பஃபரே போடுங்கள், பி.எச். 6.5 போதும், காரத்தன்மை ஏறினால் குர்குமின் சிதைந்துவிடும். பாட்டிலுக்கு ஃபாயில் சுற்றி 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், பனிப்படிகம் சுவரைக் கிழித்துவிடும்.