கையொப்பமும் அங்கீகாரமும்: திறமூல வெளியீட்டுச் சிக்கல்கள் குறித்த கேள்வி-பதில்

திறமூல மென்பொருளை வெளியிடுவோர் அனுப்பிய கேள்விகளில் ஆறினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதிவேற்றுபவர் யார், அவருக்கு அந்தப் பொதியின்மேல் (வெளியிடும் மென்பொருள் தொகுப்பின்மேல்) உரிமை உண்டா, கோப்போடு வரும் கையொப்பம் எந்தச் சாவியால் இடப்பட்டது ஆகிய மூன்றும் தனித்தனி விஷயங்கள். பிழைச் செய்தி இவற்றுள் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பிரித்துப் பார்க்காமல், டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் நுழைவு அடையாளத்தை) மாற்றுவதிலும் புதுச் சாவி உண்டாக்குவதிலும் இறங்கிவிடுவதால்தான் அரை மணி நேர வேலை இரண்டு நாட்களுக்கு இழுக்கிறது.

கேள்வி: எஸ்எஸ்எச் (தொலைநிலை இணைப்பு) வழியாகச் சர்வரில் நுழைந்து, கிட் டேக்கில் (மூலநிரலின் வரலாற்றைப் பேணும் கிட் கருவியில் ஒரு பதிப்புக்கு இடும் அடையாளத்தில்) கையொப்பமிட்டால், ‘இன்அப்ரோப்ரியேட் ஐயாக்டல் ஃபார் டிவைஸ்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. சில வேளைகளில் மட்டும் தடையின்றி நடந்துவிடுகிறது. சாவி பழுதாகிவிட்டதா?

பதில்: சாவியில் குறை எதுவும் இல்லை. கடவுச்சொற்றொடரைக் கேட்டு வாங்கும் பின்என்ட்ரி என்ற சிறு நிரலுக்கு, அதை எந்த டெர்மினலில் கேட்பது என்று தெரியவில்லை என்பதே அந்தச் செய்தியின் பொருள். கையொப்பமிடும் நிரலான ஜிபிஜியை நீங்களே நேரடியாக இயக்கினால், தன் உள்ளீடு எந்த டெர்மினலிலிருந்து வருகிறது என்பதை அது கண்டுகொள்ளும். கிட் அதை இயக்கும்போதோ, கையொப்பமிட வேண்டிய தரவு குழாய் வழியாக உள்ளே செலுத்தப்படுவதால் அந்தத் தடயம் மறைந்துவிடுகிறது. ‘டிடிஒய்’ கட்டளை காட்டும் பெயரை ‘ஜிபிஜி_டிடிஒய்’ என்ற சூழல் மாறியில் ஏற்றும் வரியை உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் சேர்த்தால் போதும்.

சில வேளைகளில் நடந்துவிடுவதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை பெற்ற கடவுச்சொற்றொடரை ஜிபிஜி-ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் இயல்பாக 600 விநாடிகள் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு பயன்பாட்டின்போதும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். மொத்தத்தில் 7,200 விநாடிகளைத் தாண்டாது. அதற்குள் வேறு ஏதோ ஒரு வேலைக்காக நீங்கள் ஜிபிஜியை நேரடியாக இயக்கியிருந்தால், கிட் எதையும் கேட்க வேண்டிய தேவையே எழாது. ‘காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த நினைவகத்தைத்தான்.

ஆள் இல்லாமல் ஓடும் தானியங்கிச் சூழலுக்கு இந்தத் தீர்வு பொருந்தாது, ஏனெனில் அங்கே டெர்மினலே கிடையாது. அங்கே பின்என்ட்ரியை ‘லூப்பேக்’ முறைக்கு மாற்றி, கடவுச்சொற்றொடரை இரகசியச் சேமிப்பிலிருந்து உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். அதைக் கட்டளை வரியிலேயே எழுதிவிடாதீர்கள். அதே கணினியில் ஓடும் பிற நிரல்கள் செயல்பட்டியலில் அதைப் படித்துவிட முடியும்.

கேள்வி: விண்டோஸில் சாவிகளை நிர்வகிக்கும் கிளியோபாட்ரா நிரல் என் சாவியைக் காட்டுகிறது. ஆனால் கிட் ‘நோ சீக்ரெட் கீ’ (இரகசியச் சாவி இல்லை) என்கிறது. ஏன்?

பதில்: உங்கள் கணினியில் இரண்டு ஜிபிஜிகள் இருக்கின்றன. விண்டோஸுக்கான கிட் தனக்கென ஒன்றைக் கொண்டுவருகிறது. கிளியோபாட்ரா பயன்படுத்துவது ‘ஜிபிஜி4வின்’ என்ற தொகுப்பு நிறுவிய மற்றொன்றை. இரண்டின் சாவிக்கொத்துகளும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. கிட் அமைப்பில் ‘ஜிபிஜி.புரோகிராம்’ என்ற மதிப்பை ஜிபிஜி4வின்னின் நிரலுக்குச் சுட்டிவிடுங்கள்.

கேள்வி: ஜாவா பொதிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் வெளியிடும் என் சாவி காலாவதியாகியிருந்தது. காலத்தை நீட்டித்துவிட்டேன்; என் கணினியில் சரிபார்ப்பும் வெற்றி பெறுகிறது. ஆயினும் சென்ட்ரல் கையொப்பத்தை ஏற்கவில்லை. பதிவேற்றும்போது 401 (நுழைவு அடையாளம் ஏற்கப்படவில்லை) என்ற பிழையும் வருகிறது.

பதில்: காலத்தை நீட்டிக்கும்போது சாவியின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் எண்) மாறுவதில்லை, புதிய காலக்கெடுவைச் சொல்லும் ஒரு தற்கையொப்பம் மட்டுமே பொதுச் சாவியோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கை இப்போதைக்கு உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. சென்ட்ரல் பார்ப்பது, பொதுச் சாவிகளை எல்லாரும் பெறும்படி வைத்திருக்கும் சாவிச் சர்வரில் கிடக்கும் பழைய பிரதியை. ஆகவே பொதுச் சாவியை மறுபடியும் அனுப்புங்கள். நானே ஒருமுறை இதை மறந்து, மூன்று முறை புதிதாகக் கட்டமைத்து, மூன்று முறையும் அதே மறுப்பைப் பெற்றிருக்கிறேன்.

எங்கே அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு சர்வருக்கு அனுப்பினால் மற்றவற்றுக்குத் தானே பரவும் என்ற பழைய நம்பிக்கைக்கு இன்று அடிப்படை இல்லை. 2019 ஜூனில் சில சாவிகளின்மேல் ஆயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களைக் குவித்து அவற்றைப் பயன்படுத்த முடியாதபடி செய்த தாக்குதலுக்குப் பின், சாவிகளைத் தமக்குள் பகிர்ந்துவந்த சர்வர்களின் எஸ்கேஎஸ் வலையமைப்பு தளர்ந்தது. 2021-இல் அதன் பொதுத் தொகுப்பும் நிறுத்தப்பட்டது. உபுண்டுவின் சாவிச் சர்வருக்கும் ஓப்பன்பிஜிபி சாவிச் சர்வருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுவதே பாதுகாப்பானது. பின்னதில் ஒரு நுணுக்கம் உண்டு: நீங்கள் மின்னஞ்சலை உறுதிப்படுத்தும் வரை அது உங்கள் பெயரும் முகவரியும் இல்லாத வெறும் சாவியைத்தான் வெளியே கொடுக்கும், அந்தச் சாவியை முதன்முறையாக இறக்குபவரின் ஜிபிஜி, ‘யூசர் ஐடி இல்லை’ என்று சொல்லி அதை ஒதுக்கிவிடும்.

இதே வாசகர் இறுதியில் குறிப்பிட்டிருக்கும் 401 பிழைக்கும் கையொப்பத்துக்கும் தொடர்பில்லை. சென்ட்ரலில் பதிவேற்ற உதவிய பழைய ஓஎஸ்எஸ்ஆர்எச் சேவை 2025 ஜூன் 30 அன்று முடிவுக்கு வந்தது. அதற்காக வாங்கிய டோக்கன் புதிய போர்ட்டலில் செல்லாது. புதிய டோக்கனை வாங்கிய பின்பும் 401 வந்தால், அமைப்புக் கோப்பில் சர்வருக்கு நீங்கள் கொடுத்துள்ள அடையாளப் பெயரும், வெளியீட்டுச் செருகுநிரலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் பொருந்தாவிட்டால் மேவன் உங்கள் டோக்கனை அனுப்புவதே இல்லை.

கேள்வி: பைத்தான் பொதிகளின் களஞ்சியமான பைபிஐயில் நம்பகமான வெளியீட்டு முறைக்கு மாறினோம். தானியங்கிப் பணிகளை ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஓடும்போது ‘இன்வேலிட் பப்ளிஷர்’ என்று வருகிறது. எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிகிறது.

பதில்: ‘சரியாக இருப்பதாகத் தெரிகிறது’ என்பதை விட்டுவிட்டு, பிழைச் செய்தியின் கீழே அச்சாகும் விவரங்களைப் பைபிஐ பக்கத்தில் நீங்கள் பதிந்தவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இந்த முறையில் கடவுச்சொல் எதுவும் இல்லை. ‘இன்னாருடைய களஞ்சியத்தின் இந்தப் பணியோட்டம் இப்போது ஓடுகிறது’ என்று கிட்ஹப் கையொப்பமிட்டுத் தரும் சான்றைப் பைபிஐ வாங்கிப் பார்த்து, பதிவோடு பொருந்தினால் 15 நிமிடங்களுக்கு மட்டும் செல்லும் டோக்கனை வழங்குகிறது. எனவே ‘இன்வேலிட் பப்ளிஷர்’ என்பதன் பொருள், சான்று உண்மையானதுதான், ஆனால் அதில் சொல்லப்பட்டவரை எங்கள் பதிவில் காணவில்லை என்பதாகும்.

நான் கண்டவற்றில் பெரும்பாலும் தவறு நடப்பது மூன்று இடங்களில். பணியோட்டக் கோப்பின் பெயரை மட்டும் எழுத வேண்டிய கட்டத்தில் கோப்புறைப் பாதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். பைபிஐயில் சூழலின் பெயரைக் குறித்துவிட்டு, பணியோட்டத்தில் அந்தச் சூழலை அறிவிக்க மறந்துவிடுகிறார்கள். களஞ்சியத்தை வேறொரு நிறுவனக் கணக்குக்கு மாற்றியபின் பைபிஐயில் பழைய உரிமையாளரையே விட்டுவைக்கிறார்கள். ‘ஐடி-டோக்கன்’ எழுதும் அனுமதியைப் பணியோட்டத்தில் கொடுக்காமல் விடுவது வேறு வகைத் தவறு. அப்போது சான்றே கிடைக்காது என்பதால் ‘இன்வேலிட் பப்ளிஷர்’ வரை போய்ச் சேரவே மாட்டீர்கள்.

இன்னும் டோக்கனையே பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். 2024 ஜனவரி 1 முதல் இரு-படி உறுதிப்பாடு அனைவருக்கும் கட்டாயமானதால், கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு பதிவேற்றுவது நடக்காது. பயனர் பெயராக உங்கள் பெயரை எழுதக் கூடாது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு ‘டோக்கன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எழுத வேண்டும். சோதனைக்கான டெஸ்ட்பைபிஐ முற்றிலும் தனியான கணக்கு என்பதால், அங்கே பெற்ற டோக்கனுக்கு இங்கே 403 (அனுமதி இல்லை) வருவது இயல்பே.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் ஏற்கனவே இருக்கும் எங்கள் பொதியின் புதுப் பதிப்பை ஏற்றினால் 404 (காணவில்லை) வருகிறது. பொதி எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை. எழுதும் உரிமை இல்லாதவருக்கு என்பிஎம் பல நேரங்களில் 403-க்குப் பதிலாக 404 என்றே சொல்கிறது. தனியார் பொதி ஒன்று இருக்கிறதா என்பதைக்கூட வெளியாருக்குக் காட்டிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு, நியாயமான உரிமையாளரையும் சுற்றலில் விடுகிறது. முதலில் ‘ஹூஅம்ஐ’ கட்டளையை இயக்கி, நீங்கள் யாராக நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் டோக்கன் பழைய ‘கிளாசிக்’ வகையைச் சேர்ந்தது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்: 2025 டிசம்பரில் அவ்வகை டோக்கன்கள் அனைத்தும் செல்லாதவையாக்கப்பட்டன.

கேள்வி: எங்கள் வெளியீட்டின் கையொப்பம் ‘பேட் சிக்னேச்சர்’ என்று வருவதாக ஒரு பயனர் எழுதியிருக்கிறார். நாங்கள் எதையும் மாற்றவில்லை. அறிவிப்பு வெளியிட வேண்டுமா?

பதில்: அறிவிப்புக்கு முன், அவர் திரையில் பார்த்தது என்ன என்பதை அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பயனர்கள் மூன்று வெவ்வேறு செய்திகளை ஒரே பெயரால் குறிப்பிடுவதுண்டு. பொதுச் சாவி இல்லாததால் சரிபார்க்க முடியவில்லை என்பது ஒன்று. கையொப்பம் சரி, ஆனால் சாவி உரியவருடையதுதான் என்பதற்குச் சான்று இல்லை என்ற எச்சரிக்கை மற்றொன்று. பதறுவோரில் பலர் இதைப் பார்த்தே பதறுகிறார்கள். உண்மையான ‘பேட் சிக்னேச்சர்’ என்பது, நீங்கள் ஒப்பமிட்ட பைட்டுகளும் அவர் கையில் உள்ள பைட்டுகளும் ஒன்றல்ல என்பதாகும்.

அவருக்கு வந்தது மூன்றாவதுதான் என்றால், அவர் எந்தக் கோப்பை இறக்கினார் என்று கேளுங்கள். நீங்கள் பதிவேற்றிய டார் கோப்பா (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பா), அல்லது டேக்கிலிருந்து கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் காப்பகமா? பின்னது கேட்கும்போது உருவாக்கப்படுவது. அதன் பைட்டுகள் என்றும் மாறாதிருக்கும் என்று எண்ணி ஒப்பமிட்டிருந்தால் பிழை உங்களுடையது. 2023 ஜனவரி 30 அன்று, கிட்டின் புதிய பதிப்பு சுருக்கும் முறையை மாற்றியிருந்ததால், உள்ளடக்கம் சற்றும் மாறாத நிலையிலும் அத்தகைய காப்பகங்களின் சரிபார்ப்புத் தொகைகள் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்) மாறி, உலகெங்கும் கட்டமைப்புகள் உடைந்தன. கிட்ஹப் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. நீங்களே கட்டிய டார் கோப்பை வெளியீட்டோடு இணைத்து, அதற்கு மட்டுமே கையொப்பமிடுங்கள்.

அப்படிக் கட்டும்போது இன்னொரு வேலையும் சேர்கிறது. 2024 மார்ச் 29 அன்று அம்பலமான, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பின்கதவு (இரகசிய நுழைவு வழி) நுழைக்கப்பட்ட நிகழ்வில் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார் கோப்புகளுக்கு இருந்த கையொப்பம் முறைப்படி சரியானதே; ஒப்பமிட்டவரே கெடுநோக்குடையவர். பின்கதவைத் திறந்துவிடும் கட்டமைப்புக் கோப்பு டாரில் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே நீங்கள் கட்டிய டாரை விரித்து டேக்கின் உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டு, அதிகமாக உள்ள ஒவ்வொரு கோப்பும் எந்தக் கருவியால் உருவானது என்பதை வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள். உங்களுக்கு எழுதிய பயனருக்கு அந்தக் குறிப்பையும் கோப்பின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையையும் அனுப்பி, கோப்பை மறுபடி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் தொகை பொருந்தவில்லை என்றால் பதிவேற்றிய கோப்பை உடனே விலக்கி, அறிவிப்பை அன்றே வெளியிடுங்கள்.