22 மாதம் ஆகியும் பேச்சு வரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு 22 மாதம். ஒரு வார்த்தைகூட வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவதுதான் திரும்புகிறான். பிறந்ததும் 10 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான், அங்கே செய்த காதுப் பரிசோதனையில் பாஸ். அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினாராம், 3 வயது வரை பார்க்கலாம் என்கிறார்கள் வீட்டில். ஒரு தெரபி மையம், 6 மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் பேசவைத்துவிடுவதாகச் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: 3 வயது வரை காத்திருக்கவும் வேண்டாம், மொத்தமாகப் பணம் கட்டவும் வேண்டாம். 16 மாதத்தில் தனி வார்த்தைகூட இல்லையென்றாலே குழந்தையைக் காட்டியிருக்க வேண்டும். அப்பா லேட்டாகப் பேசியது காத்திருக்க ஒரு காரணமே ஆகாது.

காது விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், உங்கள் மகனுக்கு அது முக்கியம். பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் செய்வது ஓஏஇ பரிசோதனை. காதுக்குள் சின்ன முனையை வைத்து, உட்காது எதிரொலி தருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது அதில் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு இந்த நரம்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு, ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனைதான் சரி, உங்கள் மகனுக்கு எது செய்தார்கள் என்று பழைய டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். பெரா செய்திருந்தாலுமே இப்போது மறுபடி கேள்திறனைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கேள்திறன் பிறகும் குறையலாம். பெராவில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டுவார்கள், குழந்தை தூங்க வேண்டும், அதனால் அன்று காலை அவனைச் சீக்கிரமே எழுப்பிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

அப்புறம் அந்த மையம். பேசவைத்துவிடுவேன் என்று யார் உத்தரவாதம் கொடுத்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு உங்களை வெளியே உட்காரவைக்கும் இடத்திலிருந்தும்தான். வாரம் இரண்டு மணி நேரம் அவர்கள் செய்வதை மீதி நேரமெல்லாம் நீங்கள்தானே வீட்டில் செய்யப்போகிறீர்கள், பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வது? ஸ்டெம்செல் ஊசி போட்டால் பேச்சு வந்துவிடும் என்று சொல்லும் தரகர்களும் தேடி வருவார்கள். அதற்கு நிரூபணம் கிடையாது, நகையை அடகு வைத்து அதைச் செய்துகொண்டு பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆரம்பநிலைப் பயிற்சிக்குப் போனால், என்ன குறைபாடு என்று எழுதி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். எழுதித் தருபவரோ இவ்வளவு சின்ன வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது என்பார். இந்த அலைக்கழிப்பிலேயே குழந்தையின் ஒரு வருடம் வீணாகிறது, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பயிற்சியைத் தொடங்கக் குறைபாட்டின் பெயர் தேவையில்லை, வளர்ச்சியில் தாமதம் தெரிந்தாலே போதும், இதை அங்கேயே உட்கார்ந்து வாதாடிக் கேளுங்கள்.

பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது குவளையைத் தூக்கிப் பிடித்து "ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலோ கையை நீட்டினாலோ அதுவே பதில், உடனே "ஊத்து" என்று சொல்லி ஊற்றுங்கள். அவன் விளையாடும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, திரும்புகிறானா இல்லையா என்று போனில் இரண்டு மூன்று தடவை வீடியோ எடுத்து வையுங்கள், பரிசோதனைக்குப் போகும்போது அதைக் காட்டலாம்.