மரம் ஏற எந்தக் கயிறு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். நானும் என் மச்சானும் புளியமரம், தூங்குமூஞ்சி மரம்னு கிளை கழிக்கிற வேலைக்குப் போறோம். ஐப்பசி மழைக்கு முன்னாடி வேலை குவிஞ்சு கெடக்கு. பெல்ட் வாங்கியாச்சு, கயிறுதான் பாக்கி. மல்லிப்பட்டினத்துல மீன்பிடி போட்டுக்குக் கட்டுற கயிறு சல்லிசா கெடைக்குது, கட்டவிரல் தண்டி இருக்கு, அதயே போட்டுக்கலாமா? (பேராவூரணி வாசகர்)

பதில்: வேணாம் தம்பி. போட்டுக் கயிறு கடல் வேலைக்கு நல்ல கயிறுதான், ஆனா அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இல்லாட்டி பாலிஎத்திலீன். மரத்துல நீங்க கயித்துல தொங்கிக்கிட்டே எறங்கும்போது பிடிமுடிச்சு (உங்களக் கயித்துல நிறுத்திப் பிடிக்கிற முடிச்சு) மேல கயிறு உரசி சூடாகும், பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி கிட்டயே உருகிரும், பாலியஸ்டர்னா 250 தாண்டணும். நம்ம ஊர் வெயில்லயும் போட்டுக் கயிறு சீக்கிரம் செத்துப்போகும், மேல தடவுனா பொடி பொடியா உதிரும். தண்டிய வச்சு பலத்த எடை போடாதீங்க.

ஹார்டுவேர் கடையில நைலான் கயிறுன்னு குடுக்குறதும் பல நேரம் நைலானே இல்ல. ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணியில முக்கி விட்டுப் பாருங்க, மிதந்தா அது நைலான் இல்ல. மூழ்குனா மட்டும் போதும்னும் நெனச்சிராதீங்க, ஆள் தாங்குற கயிறுன்னா கூடவே லேபிள் இருக்கணும். ஈஎன் 1891 டைப் ஏ (EN 1891 Type A, ஆள் தாங்குற கயித்துக்கான ஐரோப்பியத் தரக் குறி) அப்படின்னு போட்டிருக்கான்னு பாருங்க, அந்தக் கயிறு கொறஞ்சது 22 கிலோநியூட்டன், அதாவது தோராயமா 2,200 கிலோ இழுவை தாங்கும். அவ்வளவு எதுக்குன்னு கேப்பீங்க. முடிச்சு போட்டாலே மூணுல ஒரு பங்கு பலம் போயிரும், கிளை முனையில உரசும், நனையும், வயசாகும், இதெல்லாம் கழிச்சும் உங்க உயிருக்கு மிச்சம் இருக்கணும்ல. தண்டி 11லேருந்து 13 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா கைக்கும் பிடி கெடைக்கும், முடிச்சும் நல்லா கடிக்கும். மலை ஏறுறவங்க கயிறுன்னு ரப்பர் மாதிரி இழுபடுற ஒண்ணு வரும், அது இந்த வேலைக்கு ஒத்து வராது, நீங்க ஏற ஏற அது கீழ இழுத்துக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, கயித்த விட இது முக்கியம்னே சொல்வேன். உங்க பக்கம் 2018 கஜா புயல்ல முறிஞ்சு அப்பறம் துளுத்த கிளைங்க நெறய நிக்குது, பாக்க தொடை தண்டி இருக்கும், ஆனா அடியில ஒட்டு பலமா இருக்காது. அதுல கயித்தப் போடாதீங்க, பழைய தாய்க்கிளை கவட்டையாப் பாத்துப் போடுங்க. வெட்டுன கிளைய எறக்க வேற கயிறு வச்சுக்கங்க, ஆள் ஏறுற கயித்த அதுக்குத் தொடவே கூடாது.

கேள்வி: தென்னை மரத்துக்கும் இதே கயிறுதானா? (ஒரத்தநாடு வாசகர்)

பதில்: தென்னையில கயித்த மாட்டித் தொங்க கிளை ஏது? மட்டையில மாட்டிராதீங்க, எப்ப கழண்டு வரும்னு யாருக்கும் தெரியாது. அங்க தளைக்கயிறோ ஏறுற மெஷினோ காலுக்கு, அதோட இடுப்பு பெல்ட்லேருந்து மரத்தச் சுத்தி வர்ற பட்டை தனியா ஒண்ணு. மெஷின்ல ஏறுனாலும் பெல்ட்ட விட்டுறாதீங்க.

கேள்வி: சார், மழையில நனைஞ்சு கயிறு பூரா களிமண்ணா ஆயிருச்சு. சோப்புத்தூள்ல ஊற வைக்கலாமா? வருஷத்துக்கு ஒருக்கா புதுசு வாங்கணும்னு சொல்றாங்களே, அது நெசமா? (திருவாரூர் வாசகி, கணவருக்காகக் கேக்குறாங்க)

பதில்: அலசியே ஆகணும்மா, மண்ணு உள்ள போயிருச்சுன்னா ஒவ்வொரு இழையயும் உள்ளேருந்தே அறுக்கும், அதனாலதான் கயித்த மிதிக்காதீங்கன்னு சொல்றது. சாதாத் தண்ணி, ரொம்பன்னா மைல்டு சோப்பு, ப்ளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. நெழல்ல கொடியில போட்டுக் காய விடுங்க, மொட்டை மாடி வெயில்ல வேணாம். நைலான் கயிறுன்னா ஈரத்துல பலம் கொஞ்சம் கொறையும், காஞ்சா திரும்பிரும், அதனால காயாம ஏற விடாதீங்க. காஞ்சதும் பையில போட்டு மாட்டி வைங்க. பம்புசெட் ரூம்ல டிராக்டர் பேட்டரி பக்கத்துல வைக்காதீங்க, பேட்டரி ஆசிட் பட்ட நைலான் வெளிய நல்லாத் தெரியும், உள்ள செத்திருக்கும். நெல்லு மூட்டை இருக்குற எடத்துல எலி வேற.

வருஷக் கணக்கு வேலையப் பொறுத்தது. தெனமும் ஏறுறவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ளயே கூட முடிஞ்சிரும், பொட்டிக்குள்ளயே வச்சிருந்தாலும் தயாரிச்ச தேதியிலேருந்து 10 வருஷத்துக்கு மேல வேணாம்னுதான் பெரும்பாலான கம்பெனிங்க சொல்லுது. ஒவ்வொரு தடவயும் ஏறும் முன்னாடி முழு கயித்தயும் அவர கையால உருவிப் பாக்கச் சொல்லுங்க, கண்ணு விட்டத வெரல் பிடிச்சிரும். எங்கயாவது மெத்துன்னு அமுங்குதா, கட்டியா இருக்கா, வளைச்சா மொடக்குன்னு மடங்குதா, மேல் உறை கிழிஞ்சு உள்ள வெள்ளை இழை தெரியுதா, உருகுன மாதிரி பளபளன்னு இருக்கா? ரம்பம் பட்டுருச்சா? வேகமா விழுந்து கயிறு பிடிச்சிருச்சா? இதுல ஒண்ணு ஆனாலும் அந்தக் கயித்த விட்டுறணும்.

விட்ட கயித்த முழுசா மூலையில போட்டு வைக்காதீங்க, பின்னாடி யாராவது எடுத்துக்கிட்டு மரத்துல ஏறிருவாங்க. ஆள் ஒசரத்துக்கும் கொறைவான துண்டா வெட்டிருங்க, கன்னுக்குட்டி கட்டவும் படல் கட்டவும் ஆகும்.