துருவக் கரையில் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் வடகோடியில், இன்யூட் மக்கள் வாழும் நுனாவுட்டில் வேலை கிடைத்து, சிறு பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்களிடமிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. அங்கே மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம், அல்லது கோடையில் கப்பல். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணவருக்கு பாஃபின் தீவின் வடக்கே உள்ள பாண்ட் இன்லெட் ஊரில் ஆசிரியர் வேலை. பிள்ளைகளுக்கு இரண்டு வயதும் ஐந்து வயதும். அந்தக் குளிரில் வெளியே விடலாமா?

தாராளமாக விடலாம். எல்லோரும் குளிரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் அதுதான் சுலபமாகச் சமாளிக்கக்கூடியது. உள்ளே கம்பளி, நடுவில் ஒரு கனத்த அடுக்கு, மேலே காற்று புகாத பார்கா, அதாவது தலைமூடி வைத்த கனத்த மேலங்கி. பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் சேர்ந்திருக்கும் கையுறை நல்லது. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் எத்தனை காலுறை போட்டாலும் பயனில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

சின்னவனுக்கு அமௌட்டி தைத்து வாங்குங்கள். முதுகுப் பக்கம் பை வைத்த தாய்மாரின் பார்கா அது. குழந்தை அம்மாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், பெரிய தலைமூடி இரண்டு பேரையும் மூடிவிடும். பனிமேட்டில் ஸ்ட்ரோலர் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊரிலேயே தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள், விசாரித்தால் சொல்வார்கள்.

அரிசி, பருப்பு, மசாலாவுக்கு என்ன செய்வது?

கப்பலில் போடுங்கள். பாஃபின் தீவுப் பக்கத்து ஊர்களுக்கு மொன்ட்ரியால் அருகிலுள்ள துறைமுகங்களிலிருந்து கோடையில் மட்டும் சரக்குக் கப்பல் போகும். கடல் உறைந்துவிட்டால் அடுத்த கோடைதான். ஆகவே முன்பதிவுக் கெடு தேதியை வேலை உறுதியான அன்றே விசாரியுங்கள். சாமான் மரப்பெட்டிக்குள் இருக்க வேண்டும். பல ஊர்களில் கப்பல் கரைக்கு வராது; மிதவையில் ஏற்றிக் கடற்கரையில் இறக்குவார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு பலகையை எறிந்துவிடாதீர்கள். மரமே முளைக்காத ஊர் அது, கொட்டகை கட்ட அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப்போவார்கள்.

ஒரு வருடத்துக்கான அரிசி, துவரை, உளுந்து, எண்ணெய், டயப்பர், சோப்பு, இதெல்லாம் கப்பலுக்கு. அரிசியும் பருப்பும் குளிர்ந்த முன்னறையில் இருந்தால் ஒன்றும் ஆகாது. தேங்காய்ப்பால் டின்னை மட்டும் அங்கே வைக்காதீர்கள், உறைந்து வெடித்துவிடும். கறிவேப்பிலையை உறையவைத்தே பெட்டியில் எடுத்துப் போங்கள். பச்சைக் காய்கறியைக் குளிர்காலப் பயணத்தில் கொண்டுபோனால், விமானத்துக்கு வெளியே காத்திருக்கும் நேரத்திலேயே அது உறைந்து கூழாகிவிடும். தோசை மாவு? ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டு விடுங்கள், பொங்கும்.

ஊரில் பெரும்பாலும் கூட்டுறவுக் கடை ஒன்று, ‘நார்தர்ன்’ என்ற தொடர்க்கடை ஒன்று. 2011 முதல் சத்துள்ள உணவுகளுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது, ஆனாலும் பாலும் பழமும் டொரொண்டோ விலையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மாறாக, மீன் இருக்கிறதே! அங்கே பிடிக்கும் ஆர்க்டிக் சார் மீனில் புளிக்குழம்பு வைத்துப் பாருங்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் போங்கள். தரையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் உறைந்த மீனும் காரிபூ மான் இறைச்சியும் வைத்து, பிறைவடிவ ஊலு கத்தியால் சீவிச் சாப்பிடுவார்கள். பச்சையாகச் சாப்பிட மனம் வராவிட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வராமலே இருப்பதுதான் வருத்தம்.

அங்குள்ள பிள்ளைகள் என் மகளோடு பேசுவதே இல்லை. எது கேட்டாலும் பதில் வராதாம்.

பதில் வந்திருக்கும், உங்கள் மகள் அவர்களின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. அவளுக்குப் பழகிவிடும், உங்களுக்குத்தான் நாளாகும். இன்னொன்று: கதவைத் தட்டாமலே பிள்ளைகள் உள்ளே வருவார்கள். அது அங்கே சகஜம். பிஸ்கட் தட்டை நீட்டுங்கள், நட்பு தானாக வரும்.

இருட்டு மாதங்களில் பிள்ளைகள் சுணங்கிப்போவார்களா?

பாண்ட் இன்லெட்டில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை சூரியன் எழாது. ஆனால் நண்பகலில் நீலம் கலந்த ஒரு வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்தில் வெளியே அழைத்துப் போங்கள். கைக்குழந்தைக்கு வைட்டமின் டி பற்றிச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 55 பாகை அட்சரேகைக்கு வடக்கே குளிர்காலத்தில் நாளுக்கு 800 அலகு என்கிறது கனடாவின் குழந்தைநல மருத்துவர் சங்கம். என்னைக் கேட்டால் கோடைதான் தொல்லை. நள்ளிரவு ஒரு மணிக்கும் வெயில், வெளியே பிள்ளைகளின் கூச்சல். படுக்கையறை ஜன்னலை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

எனக்கு ஆறு மாதம். அங்கேயே பிரசவம் பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியாது. சிறு ஊர்களின் சுகாதார நிலையத்தை நடத்துவது செவிலியர்கள். மருத்துவர் இடையிடையே வந்துபோவார். பிரசவத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டுக்கோ ஒட்டாவாவுக்கோ அனுப்பிவிடுவார்கள். அத்தனை வாரமும் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். குழந்தைக்கு அங்கே காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போடுவார்கள். பயப்பட வேண்டாம், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பிறந்த நம்மில் பலருக்கு அந்தத் தழும்பு கையில் இருக்கிறது.

குழாயில் தண்ணீர் வருமா?

வரும், லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பினால். கழிவுநீரை இன்னொரு லாரி உறிஞ்சும். நிலம் நிரந்தரமாக உறைந்திருப்பதால் குழாய் புதைப்பது கடினம். வீடுகளும் தூண்மேல்தான் நிற்கும். பல வீடுகளில் கழிவுத் தொட்டி நிரம்பினால் நல்ல தண்ணீரும் நின்றுவிடும். பனிப்புயலில் லாரி வராது. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் துணி துவைப்பதை நிறுத்துங்கள், அப்புறம் ஒரு குடம் பிடித்து வையுங்கள்.

நாய்கள்?

கட்டிப்போட்டிருக்கும், பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. கொஞ்சுவதற்கான நாய் அல்ல அது. நரிகளிடமிருந்து வெறிநோய் பரவும் பகுதியும்கூட.

இருவரும் வேலைக்குப் போகலாமா? வரிச்சலுகை உண்டாமே?

குழந்தைகள் காப்பகத்தில் இடம் உறுதியாகும்வரை இரண்டாவது வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம், சில ஊர்களில் காப்பகமே இல்லை. வீடும் பெரும்பாலும் வேலையோடு வருவது. வேலையை விட்டால் வீடும் போகும். எந்த வேலையோடு வீடு வருகிறதோ, அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

வரியில், வடபகுதிவாசிக் கழிவாக ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 22 டாலர் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். இருவரும் கேட்டால் ஆளுக்கு 11. தொடர்ந்து ஆறு மாதமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.