ரப்பர் டாப்பிங்கும் தண்ணீர் டாப்பும்: ஒரு சொல், பல கேள்விகள்

இந்த வாரம் வந்த ஆங்கிலச் சந்தேகங்களில் பாதிக்குமேல் ‘டாப்’ (டி, ஏ, பி) என்ற மூன்றெழுத்துச் சொல்லைப் பற்றியவை. குமரி மாவட்டத்தில் ஏபிசிடி தெரியாதவர்கூட ‘டாப்பிங்’ என்று சொல்வார், அதனால் ஆச்சரியமில்லை.

குலசேகரம் மாணவர்: அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். ஆங்கில விண்ணப்பத்தில் ‘ரப்பர் கட்டர்’ என்று எழுதலாமா சார்?

வேண்டாம் தம்பி. ‘ரப்பர் டாப்பர்’ என்று எழுதுங்கள். நம் ஊரில் வெட்டு என்றாலே பால்வெட்டுதான். ஆங்கிலத்தில் மரத்தை ‘கட்’ பண்ணினேன் என்றால் மரம் சாய்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘ரப்பர் கட்டர்’ என்றால் ஏதோ ரப்பர் அறுக்கும் மெஷின் என்று நினைப்பார்கள்.

அப்பா செய்வது அதுவா? விடியுமுன் நெற்றி லைட்டோடு போய், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுகிறார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சரிவு. பால் குழல்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இப்படிச் சீவினால்தான் நிறையக் குழல்கள் அறுபடும். கத்தி ஆழமாகப் போய்த் தடியில் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. மரம் சாகக்கூடாது, பாலும் வரவேண்டும். இந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் டாப்பிங் என்று பெயர். உள்ளே அடைந்து கிடப்பதைச் சின்னதாக ஒரு வழி திறந்து எடுப்பது. இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பலவும் எளிது.

தக்கலை: அப்படியென்றால் தண்ணீர்க் குழாய் எப்படி ‘டாப்’ ஆனது?

பழைய ஆங்கிலத்தில் பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்கு அந்தப் பெயர். முளையைத் திறந்தால் சரக்கு வரும். பிறகு குழாய்க்கும் அதே பெயர் நின்றுவிட்டது. அமெரிக்கர்கள் குழாயை ‘ஃபாசெட்’ என்பார்கள், ஆனால் தண்ணீரை மட்டும் ‘டாப் வாட்டர்’ என்றே சொல்வார்கள். முளை போல நேராக இறங்கும் ஆணிவேருக்கு ‘டாப்ரூட்’ என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான்.

மார்த்தாண்டம் செவிலியர்: ‘ஸ்பைனல் டாப்’ என்று கேஸ் ஷீட்டில் வருகிறதே?

முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுப்பது. வயிற்றில் சேர்ந்த நீரை எடுப்பதையும் ‘டாப்’ என்பார்கள். தேர்வில் எழுதும்போது ‘லம்பார் பங்ச்சர்’ என்ற முறையான பெயரையே எழுதுங்கள் சிஸ்டர்.

போன் டாப்பிங்?

தந்திக் கம்பியில் தனிக் கம்பி இணைத்துச் செய்தியை உறிஞ்சிய காலத்திலிருந்து வந்தது. நாம் ஒட்டுக்கேட்பு என்கிறோம்.

நாகர்கோவில்: தோளில் தட்டுவதும், மெஷினில் கார்டைத் தட்டுவதும் இதே சொல்தானா?

இல்லை. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. லேசாகத் தட்டும் ‘டாப்’ பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டு விளக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

போட்டித் தேர்வு எழுதுபவர்: ‘டாப்’ மட்டும் போதுமா, ‘டாப் இன்டு’ வேண்டுமா?

மரம், பீப்பாய் போல கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு ‘டாப்’ மட்டும் போதும். சேமிப்பு, திறமை, சந்தை என்று வந்தால் ‘டாப் இன்டு’ பொருத்தம். ‘டாப் டு’ என்று எழுதினால் மார்க் போகும். இன்னும் யாரும் கைவைக்காத வளத்துக்கு ‘அன்டாப்டு’. இறந்த காலத்தில் ‘பி’ இரண்டு முறை வரவேண்டும். ஒன்றை விட்டால் அது டேப் ஒட்டிய கதையாகிவிடும். அப்புறம், குழாயை ‘டேப்’ என்று சொல்வதையும் விட்டுவிடலாம்.

கொட்டாரம்: தாத்தா பனையேறி. அவரும் டாப்பர்தானா?

ஆமாம், பாளை சீவிச் சாறு இறக்குவதும் டாப்பிங்தான். ஆனால் ‘டாடி டாப்பர்’ என்று எழுதிவிடாதீர்கள்; அது கள் இறக்குபவர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி, புளிக்காத பதநீரான அக்கானி இறக்குகிறவரை அப்படி எழுதினால் வீண் வம்பு. ‘பால்மைரா டாப்பர்’ என்று எழுதுங்கள், அது போதும்.