யாருடைய படம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் பற்றி நண்பர் ஒருவர் சொல்ல, அவருடைய படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். ஜப்பானின் மினமாட்டாவில் அவர் எடுத்த படங்கள் தூங்கவிடவில்லை. நான் ஐடி வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் செங்கல் சூளையில் ஒரு தாயையும் குழந்தையையும் எடுத்த படத்துக்குப் பரிசு கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? என்ன கேமரா வாங்கலாம்? ஸ்மித் எடுத்ததுபோல ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும்.

எஸ்., திருவள்ளூர்

அன்புள்ள எஸ்.,

கேமரா எதுவானாலும் சரி. வேலையை இப்போதைக்கு விடவேண்டாம்.

உங்கள் கடைசி வரிதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ‘ஒரே ஒரு படம்’ தேடி ஸ்மித் எங்கும் போகவில்லை. 1951இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் மாட் காலன் என்ற கறுப்பின மருத்துவச்சியோடு வாரக்கணக்கில் வீடுவீடாக அலைந்தார். ‘லைஃப்’ இதழில் படங்கள் வந்ததும் வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். அதில் காலனுக்கு ஒரு கிளினிக்கே எழுந்தது.

மினமாட்டா, சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்புக்குள் ஏறிய ஊர். 1971இல் மனைவி ஐலீனுடன் போன ஸ்மித், அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்து மூன்று ஆண்டுகள் இருந்தார். 1972 ஜனவரியில் ஆலையின் ஆட்கள் அடித்ததில் பார்வை கெட்டது. அந்த அடிக்குச் சற்று முன்பு, 1971 டிசம்பரில், அந்த ஊரிலேயே குடியிருந்தவருக்குத்தான் ஒரு தாய் தன் குளியலறைக் கதவைத் திறந்தார். அங்கே அவர் எடுத்த படத்தில், தொட்டியில் வெந்நீர். கருவிலேயே நஞ்சேறிய மகள், கோணி விறைத்த கைகால்களோடு தாயின் கைகளில் கிடக்கிறாள். தாயின் கண் மகளின் முகத்தைவிட்டு அகலவில்லை.

மகள் 1977இல் இறந்தாள், அடுத்த ஆண்டே ஸ்மித்தும். படம் மட்டும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இனியாவது அவளை நிம்மதியாக இருக்கவிட வேண்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். 1998இல் ஐலீன் அந்தப் படத்தின் உரிமையை அவர்கள் கையில் ஒப்படைத்து, இனி புதிதாக வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஒரு வரலாற்று ஆவணத்தை முடக்கலாமா என்று கேட்பீர்கள். முடக்கலாம். பெற்றவர்கள் கேட்டால் முடக்கத்தான் வேண்டும்.

2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்த என் சித்தி, கரையில் புரண்டு அழுதபோது யாரோ படமெடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஒரு நிறுவனத்தின் காலண்டரில் அந்தப் படம். சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சீல வெலகிக் கெடக்கே, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?” என்றாள். எடுத்தவர் பெயர் கீழே அச்சாகியிருந்தது. சித்தி பெயர் இல்லை.

நீங்களும் அந்தத் தாயின் பெயரை எழுதவில்லை, தம்பி. பரிசு கிடைத்த சேதி அவருக்குத் தெரியுமா? எந்த ஊரிலிருந்து வந்தவர், எவ்வளவு முன்பணத்துக்காக அங்கே இருக்கிறார் என்றாவது கேட்டீர்களா? பிறர் துயரம் தூக்கத்தைக் கெடுக்கும் மனசு உங்களுக்கு இருப்பதால்தான் இவ்வளவு கடுமையாகக் கேட்கிறேன். நல்ல தாளில் இரண்டு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமையே சூளைக்குப் போங்கள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படம் வேண்டாம் என்று அவர் சொன்னால், போட்ட இடத்திலிருந்தெல்லாம் எடுத்துவிடுங்கள். மழை தொடங்கினால் சூளை நின்றுவிடும், ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் போங்கள்.