லிவியாவின் தோட்டம் – கடிதம்

வணக்கம் சார்,

பழைய ரோமானியப் பணக்காரர்களின் பங்களாக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பேரரசி லிவியாவின் பங்களாவில் சுவர் முழுக்கத் தோட்டம் வரைந்த அறையின் படங்களைத் தேடிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் வெளியே அவ்வளவு பெரிய தோட்டம் வைத்திருக்கிற மகாராணிக்குச் சுவரில் எதற்கு இன்னொன்று? காசு மிஞ்சியவர்களின் பகட்டு என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? ரசிக்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

கூச்சம் நியாயமானதுதான். அடிமைகளின் உழைப்பில் நின்ற வீடுகள் அவை. ஆனால் பகட்டு எந்தச் சுவரில் அதிகம், எதில் குறைவு என்று பார்க்க வேண்டாமா? லிவியாவின் சுவரில் அது குறைவு என்றே நினைக்கிறேன்.

ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு இருந்த பங்களா அது. 1863இல் தோண்டி எடுத்தார்கள். படம் இருந்த அறை பாதி நிலத்துக்குள் இறங்கியது. நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர். கோடை வெயிலுக்குத் தப்பி, குளிர்ச்சியாக உட்கார்ந்து விருந்து சாப்பிடக் கட்டியது என்பதுதான் பரவலான கருத்து. வெளித்தோட்டம் காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் இந்த அறைக்கு வேலை.

சரி, வரைந்திருப்பது என்ன? நான்கு சுவரையும் சுற்றி ஒரே தோட்டம், மூலைகளில்கூட அறுபடுவதில்லை. முன்னால் ஒரு பிரம்பு வேலி, அப்புறம் குறுகலான புல்தரை, அதற்கப்பால் தாழ்வான சலவைக்கல் தடுப்பு, அதன் பின்னே நெருக்கமாக மரங்கள். மாதுளையும் ஆப்பிள் போன்ற குவின்ஸ் பழமும் பழுத்துத் தொங்குகின்றன. அதே வேளையில் ரோஜா, அரளி, கசகசாச் செடி எல்லாம் பூத்திருக்கின்றன. எந்த மாதத்திலும் எந்தத் தோட்டக்காரனாலும் இப்படி ஒரு காட்சியைக் காட்ட முடியாது. கிளைக்குக் கிளை பறவைகள் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்க, ஒன்று மட்டும் தடுப்பின் மேல் வைத்த கூண்டுக்குள். மனிதர் ஒருவர்கூட இல்லை. போர், வெற்றி ஊர்வலம் எதுவும் கிடையாது. ஆக, வெளியே இருந்த தோட்டத்தின் நகல் இல்லை இது. வெளியே இருக்கவே முடியாத தோட்டம்.

அரசியலே இல்லை என்று சொல்ல மாட்டேன். கழுகு ஒன்று வெள்ளைக் கோழியை லிவியாவின் மடியில் போட்டதாகவும், கோழியின் அலகில் இருந்த லாரல் என்ற மரத்தின் கிளையை நட்டு வளர்த்த தோப்பிலிருந்தே பேரரசர்கள் வெற்றி மாலைக்கு இலை பறித்ததாகவும் ஒரு கதை உண்டு. அந்தப் பங்களாவுக்கே கோழியை வைத்துத்தான் பெயர். சுவரில் லாரல் நிறைய இருப்பது தற்செயலாக இருக்காது.

அப்பட்டமான பகட்டைப் பார்க்க வேண்டுமானால் சுவரில் சிவப்பு பூசிய அறைகளுக்குப் போங்கள். ஸ்பெயின் சுரங்கங்களிலிருந்து வந்த சாதிலிங்கச் சிவப்பு, அதாவது பாதரசக் கனிமத்தை அரைத்துச் செய்த நிறம், அன்றைக்கு யானை விலை. இந்த மாதிரி விலையுயர்ந்த நிறங்களை வீட்டுக்காரர்தான் ஓவியருக்கு வாங்கித் தர வேண்டும் என்கிறார் பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி. அவர் தரும் பட்டியலில் இந்தியாவிலிருந்து போன நீலச் சாயமும் இருக்கிறது. சாதிலிங்கத்தில் நடந்த திருட்டையும் அவரே சொல்கிறார்: ஓவியர்கள் தூரிகையை நிறைய முக்கி எடுத்து, அடிக்கடி தண்ணீரில் அலசுவார்களாம். நிறம் அடியில் படியும். தண்ணீரை வடித்துவிட்டால் மிச்சம் அவர்களுக்கு. (என் அனுதாபம் முழுக்க ஓவியர்கள் பக்கம்.)

கட்டடக்கலை நூல் எழுதிய ரோமானியர் விட்ருவியஸ் சொல்லும் ஃபேபெரியஸ் கதை இன்னும் மேல். அரசாங்க எழுத்தரான இவர், ரோமின் அவெண்டைன் குன்றில் இருந்த தன் வீட்டில், திறந்த முற்றத்தைச் சுற்றிய சுவர் முழுக்கச் சாதிலிங்கம் பூசச் செய்தார். முப்பதே நாளில் வெயில் பட்டு எல்லாம் கறுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது. மறுபடி ஆள் பிடித்து வேறு நிறம் அடிக்க வேண்டியதாயிற்று. வெயில் படும் இடமென்றால் சுவர் காய்ந்த பிறகு மெழுகை உருக்கிப் பூசி, கரியடுப்பால் சூடுகாட்டித் தேய்க்க வேண்டும் என்று பக்குவமும் சொல்லியிருக்கிறார் விட்ருவியஸ்.

நிறத்துக்குக் கொட்டிய காசு வரைந்த கைக்குப் போகவில்லை. மிகப் பிந்திய கணக்குதான், இருந்தாலும் சொல்கிறேன்: கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் விதித்த கூலி உச்சவரம்பில் தச்சருக்கு நாளுக்கு 50 தினாரியஸ் (ரோமானியக் காசு), சுவர் ஓவியருக்கு 75. பெயராவது மிஞ்சியதா என்றால் அதுவும் அபூர்வம். பெயரும் புகழும் சுவரில் அல்லாமல் மரப்பலகையில் வரைந்தவர்களுக்குத்தான் என்று பிளினியே எழுதியிருக்கிறார்.

ரோமுக்குப் போனால் பிரிமா போர்ட்டாவில் இந்த ஓவியத்தைத் தேடாதீர்கள். 1951இல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலாட்ஸோ மாசிமோ அருங்காட்சியகத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. அதே மாடியில் டைபர் நதிக்கரையில் 1879இல் கிடைத்த ஃபர்னேசினா வில்லா என்ற பழைய ரோமானிய வீட்டின் படுக்கையறைச் சுவர்களும் உண்டு. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. அங்கே வரைந்த தூண் ஒன்றில் 'செலூக்கஸ் செய்தது' என்று கிரேக்கத்தில் கீறியிருக்கும். ஓவியரின் கையெழுத்து என்கிறார்கள். இரண்டையும் பார்த்துவிட்டு எது பகட்டு என்று எழுதுங்கள்.